வலது பக்கத்து டிரம்பெட்டுகள்

நாகையா உட்கார்ந்துதான் வாசிப்பார். ஆமத்தூர் பேண்டு செட்டில் முதல் சாக்ஸபோன் அவருடையது. சாமி ஊர்வலம் என்றால் நடந்து வாசிப்பார். சாமியே வீதியில் வரும்போது மனுசன் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் ஓர் இடத்தில் நிலையாக வாசிக்கச் சொன்னால் நாற்காலி வர வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, செட்டில் இருக்கிற பதின்மூன்று பேருக்கும்.

"ஏன், காலு கடுக்கோ?" என்று கேட்ட ஒரு கோயில் கமிட்டிக்காரரிடம், "பாட்டுக் கச்சேரிக்காரன் மேடையில நின்னுக்கிட்டா பாடுறான்? அவனுக்குச் சமுக்காளம் விரிக்கீக, எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் சேரு போடக்கூடாதா?" என்று கேட்டார். கமிட்டிக்காரர் பந்தல்காரனைக் கூப்பிட்டார். அன்று முதல் அந்தச் செட்டுக்கு 'சேர் செட்டு' என்று பேராகிவிட்டது. முதலில் கிண்டலாகச் சொன்னார்கள். பிறகு அந்தப் பேரைச் சொல்லியே ஆர்டர் கொடுத்தார்கள்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு ஒரு செல்போனிலிருந்து வந்தது. எட்டு வருசத்துக்கு முன்னால், இருக்கிறதிலேயே பெரிய பேண்டு செட்டு எது என்று பார்க்கலாம் என்று போனில் 'பிக் பேண்ட்' என்று தேடினார். கேரளாக்காரர்கள் யாராவது நூறு பேர் வரிசையாக நிற்பார்கள் என்பது அவர் நினைப்பு. வந்தது வேறு. பதினேழு வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன். அதற்குப் பின்னால் நீட்டி மடக்கும் டிரம்போன்கள். கடைசியில் டிரம்பெட்டுகள். ஓரமாக டிரம்ஸ், பியானோ. அவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் ஊதத் தொடங்கியபோது நாகையா போனைக் கை தவறிக் கீழே போட்டார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நாள் கேட்டபோதுதான். அவர்கள் ஆளுக்கு ஒன்றை வாசித்தார்கள்.

நம் செட்டுகளில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்போம். கிளாரினெட்டும் அதுதான், டிரம்பெட்டும் அதுதான். அதில் ஒரு வசதி உண்டு. சீசன் நேரத்தில் நாலு பேர் பட்டாசுக் கம்பெனியில் ஓவர்டைம் என்று வராமல் போனாலும் கேட்கிறவனுக்குத் தெரியாது. சத்தம் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். போனில் கேட்ட சங்கீதத்தில் அந்த வசதி இல்லை. ஒருவன் வராவிட்டால் அவன் இருந்த இடம் ஓட்டையாகவே நிற்கும். நாகையாவைப் பிடித்துக்கொண்டது அதுதான். ஒரு மனுசன் இல்லை என்றால் இல்லை என்று தெரிய வேண்டும் அல்லவா?

அதற்குப் பிறகு அவர் ரசனை எங்கெங்கோ போயிற்று. ஜெர்மனியில் கொலோன் என்ற ஊரில் ரேடியோ நிலையமே ஒரு குழுவை மாசச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. அவருக்கு எப்போதும் முதலிடம் அதற்குத்தான். ஒரு கத்தி, இன்னொரு கத்தியின் மேல் படாமல் சுழல்வது போல் வாசிக்கிறார்கள் என்பார். ஹாலந்துக் குழு ஒன்றில் வயலின்களும் சேர்ந்துகொள்ளும். கல்யாண வீட்டு இலை மாதிரி. எல்லாம் இருக்கும், எதைத் தொடுவது என்று தெரியாது. நியூயார்க்கில் ஒரு குழு ஐம்பது வருசத்துக்கு மேலாக ஒவ்வொரு திங்கட்கிழமை ராத்திரியும் தரைக்குக் கீழே உள்ள ஒரு சின்னக் கிளப்பில் வாசிக்கிறது. இதை டீக்கடையில் சொன்னபோது முத்துப்பாண்டி நம்பவில்லை.

"திங்கக்கிழமையா? நம்மூர்ல அன்னைக்குப் பாதிப்பேரு வேலைக்கே வர்றதில்லயே மாமா. அவனுக குடிக்க மாட்டானுகளா?"

"குடிச்சிட்டும் வர்றானுகலே. அதான் உனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம்."

முத்துப்பாண்டி செட்டில் முதல் டிரம்பெட். இருபத்தாறு வயசு. வாய்த்துடுக்கு அதிகம், மூச்சும் அதிகம்.

நாகையாவின் மனைவி வேலுத்தாய்க்குப் பிடித்தது வேறொரு நியூயார்க் குழு. அதற்கு எழுதி நடத்துவது ஒரு பெண். பறவையும் புல்வெளியும் வானமுமாக இருக்கும் அந்தச் சங்கீதம். அந்த அம்மாள் எதிரே நின்று கையை வீச, அத்தனை ஆண்பிள்ளைகளும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை வேலுத்தாய் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். "அந்தா பாருங்க, அந்தத் தொப்பக்காரரு அவ கண்ணக் காட்டுனதும் கப்சிப்பு. நீங்களுந்தான் இருக்கீக."

நாகையாவுக்கு வலது காது கேட்காது. பதினெட்டு வயசில் கம்பெனிப் பொட்டலில் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிற வேலையில் இருந்தபோது, திரி குட்டையாக இருந்த வெடி ஒன்று பக்கத்திலேயே வெடித்துவிட்டது. அதனால் வேலுத்தாய் எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே உட்காருவாள். பாட்டுக் கேட்கும்போது இயர்போனின் இடது முனை அவருடைய இடது காதில். வலது முனை அவளுடைய வலது காதில். லீவு நாளில் ஆனைக்குட்டம் அணைக்கரையில் இரண்டு பேரும் ஒரே வயரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கிறவர்கள், "ஜோடி மாடு பூட்டியாச்சுடோய்" என்று கத்துவார்கள். வேலுத்தாய் மண்ணாங்கட்டியை எடுத்து எறிவாள்.

அப்படி ஒரு நாள்தான், ஜெர்மனிக்காரர்களின் ஒன்பது நிமிட உருப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டு நாகையா சாக்ஸபோன் வரியை முனகினார். வேலுத்தாய் நிறுத்தச் சொன்னாள்.

"எனக்கு இங்கன வேற சத்தமுல்ல கேக்கு."

"வேறயா? என்ன சத்தம்?"

"உங்க பக்கம் கேள்வி கேக்காக. என் பக்கம் பதில் சொல்றாக."

சாக்ஸபோன்கள் ஒரு பக்கமும் டிரம்பெட்டுகள் மறுபக்கமுமாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது நாகையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் பாதிச் சங்கீதத்தையே கேட்டிருக்கிறார். "பதிலப் பாடு" என்றார். அவள் வெட்கப்பட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

வலது முனையைக் கழற்றி இடது காதில் வைத்தால் அவரே கேட்டிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. வலது என்று எழுதியிருக்கிறது, வலது காதுக்கு உள்ளது. தன் வலது காது செத்துப்போனது. ஆகவே அது வேலுத்தாயின் காது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

பாட்டு முழுவதும் முடிய ஒன்றரை வருசம் ஆயிற்று. அவர் கேள்வியைக் காட்டுவார். அவள் மறுநாளோ அதற்கு மறுநாளோ பதிலைப் பாடுவாள். அவர் அதைச் சரிகமவாக எழுதி முத்துப்பாண்டியிடம் கொடுப்பார். முப்பத்தொரு கேள்வி, முப்பத்தொரு பதில். செட்டு நடத்துகிற மாரிக்கண்ணன் நாகையாவுக்கு மச்சான் முறை. முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "ஆளுக்கு ஒண்ண வாசிச்சா சண்டை போடுதாகன்னுல நினைப்பான் மச்சான்!" ஆனால் ஆமத்தூர்ப் பொங்கலில் சாமி இறங்கின பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வாசித்தபோது, கூட்டம் கலையவில்லை. கடலை விற்கிறவன்கூடத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டான். கேள்விபதில் பாட்டு என்று அதற்கு ஊரே பேர் வைத்தது.

வேலுத்தாய் போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நாகையா பதினாறு முடிந்ததும் வேலைக்குப் போனார், செட்டுக்கும் போனார். யாரிடமும் அதிகம் பேசவில்லை. கேள்விபதில் பாட்டை மட்டும் எந்த ஊரிலும் விடாமல் வாசித்தார்.

இந்த ஆவணியில் அச்சக முதலாளி ராஜபாண்டியன் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. அவர் மகள் ஸ்ரீமதி ஜெர்மனியில் அச்சுத்தொழில் படித்துவிட்டு வந்தவள். ஆமத்தூர்ப் பொங்கல் வீடியோவில் அரை நிமிடத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொலோன் குழுவை அவள் நேரிலேயே கேட்டவள். சிவகாசிப் பக்கத்தில் ஒரு பேண்டு செட்டு அதை வாசிக்கிறதா! தன் கல்யாண வரவேற்பில் இவர்கள்தான் வாசிக்க வேண்டும், அங்கிருந்து சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம்.

ஒத்திகை அச்சகத்து குடோனில், காலண்டர் கட்டுகளுக்கு நடுவில். ஸ்ரீமதி ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் நேராக நாகையாவிடம் வந்தாள்.

"அண்ணே, சாக்ஸ் எல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா டிரம்பெட்டு ஏன் இப்படி வாசிக்கிறாங்க? ரெக்கார்டுல இது இல்லையே."

"இருக்கு பாப்பா. வலது பக்கத்துல இருக்கு."

"இல்லண்ணே. நீங்களே கேளுங்க." அவள் தன் போனை எடுத்து, இயர்போனின் வலது முனையை அவர் இடது காதில் வைத்தாள். நாகையா தலையை இழுத்தார். "அது இந்தக் காதுக்கு உள்ளது இல்ல..."

"எந்தக் காதுல வச்சா என்னண்ணே? சத்தம் ஒண்ணுதானே."

அவர் கேட்டார். சாக்ஸபோன் எங்கோ தூரத்தில் கேள்வி கேட்டது. பதிலுக்கு டிரம்பெட்டுகள் இரண்டே இரண்டு அடி, டப், டப் என்று அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டன. வேலுத்தாய் அந்த இடத்தில் கொடுத்திருந்தது ஒரு நீளமான வளைவு. மாமன் மகனைக் கேலி செய்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி ஒரு வளைவு. அடுத்த இடத்தில் ரெக்கார்டில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

மாரிக்கண்ணன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி வேலுத்தாய் ஏதோ தப்பாக் கேட்டுருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார். ஸ்ரீமதி, "பரவாயில்ல, நான் சரியான டிரம்பெட் வரியைச் சரிகமவுல எழுதி வாங்கித் தர்றேன். இன்னும் மூணு வாரம் இருக்குல்ல?" என்றாள். மாரிக்கண்ணன் தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம், தான் வேலை பார்க்கிற விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் சோற்று நேரத்தில் நாகையா வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் விரித்து வைத்து, வலது முனையை இடது காதில் மாட்டி ஒன்பது நிமிடத்தையும் கேட்டார். முப்பத்தொன்றில் நாலு இடம்தான் ரெக்கார்டோடு ஒத்துப்போனது. மீதி இருபத்தேழும் எங்கேயும் இல்லாதவை. ஒன்றரை வருசம் அவள் தன்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்தார். டிபன்பாக்ஸை மூடிவிட்டு, பேக்கிங் செக்சனில் வேலுத்தாயோடு பத்து வருசம் பெட்டி கட்டிய ரோஜாவைத் தேடிப் போனார்.

"ஏம்மா ரோசா, வேலுத்தாயிக்குக் காது நல்லாத்தான இருந்துச்சு?"

"அவளுக்கா? மேஸ்திரி அங்கன கேட்டுல செருப்பக் கழட்டுனா இங்கன சொல்லுவா." ரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். விசயத்தைக் கேட்டதும் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? இங்கன வச்சுத்தான ஓடுச்சு அது! 'இந்த வெள்ளைக்காரனுக என் பக்கம் நாலு இடத்துக்கு மேல உருப்படியா ஒண்ணும் வாசிக்கல ரோசா. இந்த மனுசன் என் வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒண்ணும் இல்லன்னு எப்படிச் சொல்ல?'ன்னா. அப்புறம் தினமும் பெட்டி கட்டிக்கிட்டே நாலு விதமாப் பாடுவா. எது நல்லாருக்குன்னு எங்களக் கேப்பா. நாங்க கை தூக்குவோம். சில நாளு சண்டையே வந்திருக்கு. அந்தக் கடைசிப் பதிலு இருக்குல்ல, நீட்டமா? அதுக்கு நாங்க பதினோரு பேரு ஒரு பக்கம், மூக்கம்மாக்கா மட்டும் மறுபக்கம். இன்னைக்கும் அக்கா அது சரியில்லன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கு."

நாகையா, "எம்புட்டு நாளா?" என்று கேட்டார்.

"அது முடியிற வரைக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ரெக்கார்டுல உள்ளதுதான் வேணும்பீகளாம்."

அது உண்மைதான். அப்போது சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த நினைப்பு அவரை அன்று முழுவதும் அறைந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் கம்பெனி வேன் ஆமத்தூரில் நிற்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஒத்திகையில் ஸ்ரீமதி அனுப்பிய தாளை மாரிக்கண்ணன் டிரம்பெட்காரர்களுக்குக் கொடுத்தார். நாகையா சாக்ஸபோனைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை.

"அது வேண்டாம் மச்சான். பழசே இருக்கட்டும்."

"பழசு தப்புன்னு ஆயிப்போச்சே மச்சான்!"

"தப்பில்ல. தப்புன்னா தெரியாமப் பண்றது. அவ தெரிஞ்சு போட்டிருக்கா."

"இவுக ஒரு வீட்டு ஆர்டர் போனா பத்து வீட்டு ஆர்டர் போகும். வெள்ளைக்காரப் பிள்ளைக வேற வருதாம். நம்மளப் பாத்துச் சிரிக்கணுமா?"

"சிரிக்கட்டும். பல்லு இருக்கவன் சிரிக்கான்."

மாரிக்கண்ணன் முத்துப்பாண்டியின் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ தாளப் பாத்து வாசிலே."

முத்துப்பாண்டி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "டப்பு டப்புன்னு ரெண்டு அடி. அப்புறம் நான் என்ன செய்ய, பேனு பாக்கவா? விரலு அத்தை பாடுனதுக்குத்தான் போகுது சித்தப்பா. வெட்டிப் போட்டாலும் அங்கனதான் போகும்." மற்ற டிரம்பெட்டுகளும் தாளைத் தொடவில்லை. மாரிக்கண்ணன், "எக்கேடும் கெட்டுப் போங்க" என்று வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

நாகையா அதோடு விடவில்லை. அச்சகத்துக்கு நேராகப் போய் ஸ்ரீமதியிடமே சொன்னார், ரோஜா சொன்னது அத்தனையும். பெட்டி கட்டுகிற இடத்தில் பெண்கள் கை தூக்கின கதையைக் கேட்டு ஸ்ரீமதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்படின்னா அப்படியே வாசிங்கண்ணே" என்றாள்.

"வாசிக்கிறதுக்கு முன்னால அவ பேர மைக்குல சொல்லணும் பாப்பா."

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து ராஜபாண்டியன் வந்தார். நல்ல மனுசர், தொழிலாளியை ஏசமாட்டார். ஆனால் அன்று குரல் உயர்ந்தது. "கலியாண மேடையில தவறிப்போனவ பேரா? கேக்குறவுகளுக்குக் காது கூசாதா நாகையா? நீங்க எதையும் வாசிங்க. பேரு கீரு வேண்டாம்."

"பேரு இல்லன்னா அது ஜெர்மனிக்காரன் பாட்ட நாங்க தப்பா வாசிச்சதா ஆயிரும் அண்ணாச்சி."

"ஆகட்டுமே. யாருக்கு நட்டம்?"

நாகையா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வரவேற்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஸ்ரீமதியின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர், பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரிக்கண்ணன் மைக்கை வாங்கி, ராஜபாண்டியனிடம் ஒப்புக்கொண்டபடியே அறிவித்தார்: "அடுத்து, ஜெர்மனி ரேடியோ பேண்டு வாசித்த இசை." அவர் மைக்கை இறக்குவதற்குள் நாகையாவின் கை அதைப் பிடித்தது.

"மாரிக்கண்ணன் சொன்னது பாதிதான். மீதிப் பாதி ஜெர்மனியில இல்ல. டிரம்பெட்டு வாசிக்கிறதெல்லாம் ஆமத்தூர் வேலுத்தாய் போட்டது. விஸ்வநத்தத்துல பட்டாசுப் பெட்டி கட்டுற பிள்ளைக கூடச் சேந்து போட்டது. ரெக்கார்டக் கேட்டவுக இங்கன இருக்கீக. மாத்தி வாசிக்கிறோம்னு தெரிஞ்சுதான் வாசிக்கிறோம்."

ஸ்ரீமதி மணமேடையிலிருந்து சிநேகிதர்களின் பக்கம் குனிந்து அதை இங்கிலீசில் சொன்னாள். ராஜபாண்டியன் சிரித்த முகத்தோடு, கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு செட்டு இருந்த பக்கம் வந்தார்.

"வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? முகூர்த்த வீட்டுல செத்தவ பேர..."

"செத்தவன்னு நான் சொல்லலையே அண்ணாச்சி. போட்டவன்னுதான சொன்னேன்."

யாரோ பெரிய மனிதர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று ராஜபாண்டியனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

நாகையா காலைத் தட்டித் தாளம் கொடுத்தார். சாக்ஸபோன்கள் கேட்டன. டிரம்பெட்டுகள் பதில் சொல்லின. ஒன்பது நிமிடம். நடுவில் பந்தியிலிருந்து சிலர் கை கழுவாமலே வந்து நின்றார்கள். கிழவர் ஒருவர் சத்தம் தாங்கவில்லை என்று எழுந்து போனார். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒன்பதாவது பதிலில் சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அது கேலியா மகிழ்ச்சியா என்று மாரிக்கண்ணன் வேர்த்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகையா பார்க்கவில்லை. முப்பத்தொரு பதிலும் வந்து சேருகிறதா என்பதில்தான் அவர் கவனம் இருந்தது. வந்து சேர்ந்தன.

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் முத்துப்பாண்டியின் பக்கம் திரும்பினார்.

"ஏலே, பதினாலாவதுல அவசரப்பட்டுட்டலே. அங்கன அவ ஒரு மூச்சு விடுவா. அந்த மூச்ச முழுங்கிராத."